தனியார் சொகுசுப் படகில் ஆய்வுக்கு இடம் தருகிறார்கள், போகலாமா?

கொண்டல் (கேள்வி):

எல்லோருக்கும் வணக்கம். கொச்சியில் கடல் உயிரியலில் பிஎச்டி செய்கிறேன். சொந்த ஊர் நாகப்பட்டினம். கடலின் மேல்பரப்பில் மிதக்கும் மைக்ரோ பிளாஸ்டிக்கும், அதே நீரில் வாழும் கோபிபாட் போன்ற மிதவை உயிர்களும் எங்கெங்கே சேர்ந்து குவிகின்றன என்பதுதான் என் தலைப்பு. இதுவரை கரையோர மாதிரிகளை வைத்தே காலத்தை ஓட்டிக்கொண்டிருக்கிறேன். ஆழ்கடல் மாதிரிக்கு அரசு ஆய்வுக் கப்பலில் இடம் கேட்டு விண்ணப்பித்திருக்கிறேன். எனக்கு முன்னால் வரிசை நீளம். அந்த வரிசையில் நிற்பவர்களின் வேலையும் முக்கியமானதுதான், குறை சொல்ல முடியாது.

இப்போது என் கைடுக்குத் தெரிந்த ஐரோப்பிய ஆய்வாளர் ஒருவர் மூலம் ஒரு வாய்ப்பு வந்திருக்கிறது. ஐம்பது மீட்டர் நீளமுள்ள ஒரு தனியார் மோட்டார் யாட், ஜனவரியில் மாலேயிலிருந்து கிளம்பி ஹுவது, ஃபுவாமுலா வழியாக மாலத்தீவின் தென்கோடியில் இருக்கும் அட்டு வரை போகிறது. உரிமையாளரின் குடும்பமும் வருகிறது. ஆய்வாளர்களுக்கென்று ஒரு கேபின், இரண்டு படுக்கை. டீசல், சாப்பாடு எல்லாம் அவர்கள் செலவு. வலையும் புட்டிகளும் நாங்கள் கொண்டுபோக வேண்டும்.

லேபில் பாதிப் பேர் "போய்விட்டு வா" என்கிறார்கள். மீதிப் பேர், "உன்னை வைத்து நாலு போட்டோ எடுத்துப் போடுவார்கள், அவ்வளவுதான், அந்த மாதிரிகளை வைத்து ஒரு பேப்பர்கூடத் தேறாது" என்கிறார்கள். யாட்களில் வேலை பார்த்தவர்கள், இப்படிப் பயணம் போனவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள். பணக்காரர்களின் படகில் உண்மையாகவே அறிவியல் நடக்குமா? போவதென்றால் முன்கூட்டியே என்னவெல்லாம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்?

வாடைக்காற்று:

எனக்கு இதில் உடன்பாடு இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்த அளவு மோட்டார் யாட் ஓடும்போது மணிக்குச் சில நூறு லிட்டர் டீசல் குடிக்கும். நிறுத்தி வைத்திருந்தாலும் ஏசிக்கும் விளக்குக்கும் ஜெனரேட்டர் இரவு பகலாக ஓடும். 1998-இலும் 2016-இலும் கடல் சூடேறி மாலத்தீவில் பவளப்பாறைகள் வெளுத்துப் போயின. அந்தச் சூட்டுக்குக் காரணமான புகையைக் கக்கிக்கொண்டே போய் அதே கடலை ஆராய்வது சரியா? உங்கள் ஆய்வின் மதிப்பைக் குறைத்துச் சொல்லவில்லை, கொண்டல். அரசுகள் ஆய்வுக் கப்பல்களுக்குப் பணம் ஒதுக்க வேண்டும் என்று கேட்பதை விட்டுவிட்டு, தனியாரின் தயவை எதிர்பார்க்கும் நிலைக்கு மாணவர்கள் வந்துவிட்டார்களே என்பதுதான் என் வருத்தம்.

நங்கூரம்:

தங்கச்சி, நான் தூத்துக்குடிக்காரன். முதலில் சரக்குக் கப்பல், அப்புறம் மத்தியதரைக் கடலில் தனியார் யாட்களில் இன்ஜினியர் வேலை. நான் இருந்த சில படகுகளில் ஆய்வாளர்கள் ஏறி வேலை செய்திருக்கிறார்கள். இன்ஜின் ரூம் பக்கத்திலிருந்து பார்த்ததைச் சொல்கிறேன்.

வாடைக்காற்று தம்பி சொன்ன டீசல் கணக்கு உண்மை. அந்த எண்ணெயை ஏற்றுகிறவனே நான்தான், எனக்குத் தெரியாதா. ஆனால் அந்தப் படகு நீ ஏறினாலும் ஏறாவிட்டாலும் மாலேயிலிருந்து அட்டுவுக்குப் போகத்தான் போகிறது. உனக்காகவே ஒரு படகைக் கிளப்புகிறார்கள் என்றால் நானும் யோசிக்கச் சொல்வேன். இங்கே கதை வேறு.

யாட்டில் அறிவியல் நடக்குமா என்று கேட்டாய். கடல் ஆய்வின் பாதி வரலாறே அங்கேதான் நடந்திருக்கிறது. கடல்நீரின் தெளிவை அளக்க இறக்கும் வெள்ளைத் தட்டு, செக்கி தட்டு, அது முதன்முதலில் முறையாகச் சோதிக்கப்பட்டது 1865 ஏப்ரலில், போப்பாண்டவருக்குச் சொந்தமான நீராவி யாட்டில்தான். செக்கி என்ற பாதிரியார் ஒரு வானியல் அறிஞர். கடல்நீர் எவ்வளவு தெளிவு என்று அளக்க அவரைக் கூப்பிட்டார்கள். மொனாக்கோ இளவரசர் முதலாம் ஆல்பர்ட், 1885 முதல் தன் சொந்தப் படகுகளிலேயே ஆண்டுதோறும் ஆய்வுப் பயணம் போனார். நீரோட்டம் எங்கே போகிறது என்று பார்க்க ஆயிரத்துக்கும் மேற்பட்ட மிதவைகளை அட்லாண்டிக்கில் விட்டார், கரை ஒதுங்கியவற்றை வைத்து நீரோட்டத்தின் படமே வரைந்தார். 1901-இல் அவர் படகில் போன பிரெஞ்சு விஞ்ஞானிகள் ரிஷேயும் போர்த்தியேயும் ஒருவகைச் சொறிமீனின் நஞ்சை ஆராய்ந்தார்கள். அங்கே தொடங்கிய வேலைதான் பாரிஸ் திரும்பிய பிறகு அனாஃபிலாக்சிஸ் என்ற கடும் ஒவ்வாமையைக் கண்டுபிடிப்பதில் போய் முடிந்தது. ரிஷேக்கு 1913-இல் நோபல் பரிசு கிடைத்தது அதற்காகத்தான்.

பக்கத்துக் காலத்துக்கு வருவோம். அலூசியா என்ற படகு, அப்போது அமெரிக்க முதலீட்டாளர் ரே டாலியோவுடையது. 2012-இல் ஜப்பானின் ஒகசவாரா தீவுகளுக்குப் பக்கத்தில், ராட்சதக் கணவாயை அது வாழும் ஆழத்திலேயே முதன்முறையாக வீடியோ எடுத்தது அதிலிருந்து போனவர்கள்தான். அதற்கு முன்னால் எத்தனையோ பேர் தேடியும் கிடைக்காததற்கு, இறக்கிய இயந்திரங்களின் சத்தமும் கண்ணைக் கூசும் வெளிச்சமும்தான் காரணம் என்று அந்தக் குழுவில் இருந்த ஈடித் விட்டர் நினைத்தார். சத்தமே இல்லாத கேமரா, கடல்வாழ் உயிர்களின் கண்ணுக்குப் பெரும்பாலும் தெரியாத சிவப்பு ஒளி, சொறிமீன் மின்னுவது போல மின்னும் ஒரு தூண்டில்விளக்கு. அதைத் தேடி கணவாய் தானாகவே வந்தது. பணம் படகைக் கொடுத்தது சரி, ஆனால் எங்கே நிற்க வேண்டும், எதை அணைக்க வேண்டும் என்று முடிவு செய்தது விட்டரைப் போன்றவர்கள்.

நீ கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியதும் அதுதான்: படகு எப்போது நிற்கும் என்று முடிவு செய்வது யார்? ஃபுவாமுலா என்றாலே புலிச்சுறா பார்க்கும் டைவிங்தான். உரிமையாளர் குடும்பம் காலையில் அங்கே தண்ணீரில் இறங்க ஆசைப்படும். உன் வலையும் காலையில்தான் இறங்க வேண்டும் என்றால் எது நடக்கும்? இதைப் பயணத்துக்கு முன்னால், எழுத்தில் கேள். ஒரு நாளில் இத்தனை மணியிலிருந்து இத்தனை மணி வரை ஆய்வு நேரம், கேப்டனும் ஒத்துக்கொண்டார் என்று ஒரு மின்னஞ்சல் இருந்தால் போதும். உரிமையாளர் நல்ல மனிதராகத்தான் இருப்பார், சந்தேகமில்லை. ஆனால் படகில் எல்லோரும் அவர் முகத்தைப் பார்த்தே நடப்பார்கள். எழுத்தில் இருந்தால் கேப்டனுக்கும் அது பாதுகாப்பு.

அடுத்தது வேகம். உன் மேல்பரப்பு வலையை இரண்டு, மிஞ்சிப்போனால் மூன்று நாட் (மணிக்கு இத்தனை கடல் மைல்) வேகத்தில் இழுக்க வேண்டும். பெரிய மோட்டார் யாட் பல, இரண்டு இன்ஜினையும் குறைந்த சுற்றில் கியரில் போட்டாலே ஐந்து நாட் வேகத்தைத் தாண்டிவிடும். அந்த வேகத்தில் வலை தண்ணீரை வடிக்காது, முன்னால் தள்ளும், கண்ணி கிழியும். ஒரே இன்ஜினில் ஓட்டச் சொல்லலாம், ஆனால் படகு ஒரு பக்கமாக இழுக்கும். அதைவிட, யாட்டோடு வரும் சின்ன டெண்டர் படகைக் கேள். படகோட்டும் ஆள் ஒருவர், நீ, வலை, ஜிபிஎஸ். யாட்டிலிருந்து நல்ல தூரம் தள்ளி, காற்று வரும் பக்கமாகப் போய் இழு. வலை வாயில் நீரோட்டமானி கட்ட மறக்காதே. எவ்வளவு தண்ணீர் வலைக்குள் போனது என்று தெரியாவிட்டால் எண்ணிக்கைக்கு மதிப்பில்லை.

டெண்டரில் போகச் சொல்வதற்கு இன்னொரு காரணம் உண்டு, உன் தலைப்புக்கு இது முக்கியம். நான் இருந்த ஒரு படகில் ஆய்வாளர் ஒரு பெண்மணி, வடிகட்டிய தாளை மைக்ரோஸ்கோப்பில் வைத்துப் பார்த்தபடி நெடுநேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தார். மாதிரிகள் எல்லாவற்றிலும் ஒரே மாதிரி கருநீல நார். அப்புறம் எழுந்துவந்து, மாலுமி ஒருவரின் சீருடை டீ-ஷர்ட் ஓரத்திலிருந்து ஒரு நூலைக் கேட்டு வாங்கிப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். இரண்டும் ஒன்றுதான். பெரிய யாட்டில் துவைக்கும் மெஷின் காலை முதல் இரவு வரை ஓடும். துண்டு, படுக்கை விரிப்பு, சீருடை. அந்தத் தண்ணீர் படகின் பக்கவாட்டுத் துளை வழியாகக் கடலுக்குப் போகிறது. அவர் வலையும் அதே பக்கம்தான் இறங்கியது. அதற்கப்புறம் வலை இறங்கும் முன் என்னிடம் வந்து சொல்லுவார், நான் துவைக்கும் அறையை நிறுத்தச் சொல்லி, அழுக்குத் தண்ணீர் தொட்டியின் வால்வை மூடிவிட்டு, "ஆச்சு, இறக்குங்கள்" என்பேன். அந்த வேலை எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

அதனால், படகில் ஏறிய முதல் நாளே சீஃப் இன்ஜினியரைப் போய்ப் பார். கேப்டனைவிட அவர்தான் உனக்கு உதவுவார். எந்தத் துளையில் எந்தத் தண்ணீர் வெளியே போகிறது என்று கேள். அடிப்பக்கப் பெயிண்ட், டெக் பெயிண்ட், நங்கூரக் கயிறு, சீருடைத் துணி எல்லாவற்றிலும் ஒரு துணுக்கு வாங்கி, பெயர் எழுதி வைத்துக்கொள். லேபில் எது என்ன பிளாஸ்டிக் என்று அறிய நிறமாலை எடுக்கும்போது ஒப்பிட்டுப் பார்த்துக் கழித்துவிடலாம். நீயும் உன்னோடு வருபவரும் பருத்தித் துணியே போடுங்கள். டெக்கில் ஒரு ஈரமான வடிகட்டித் தாளைத் திறந்து வை, காற்றில் வந்து விழுவது என்ன என்று தெரியும்.

அனுமதி பற்றி. கடல்சட்ட உடன்படிக்கையின் 246-ஆவது பிரிவுப்படி, ஒரு நாட்டின் பொருளாதாரக் கடல் எல்லைக்குள் அறிவியல் ஆய்வு செய்ய அந்த நாட்டின் ஒப்புதல் வேண்டும். விவரங்களை ஆறு மாதம் முன்னதாகவே கொடுக்க வேண்டும். படகு தனியாருடையது, உல்லாசப் பயணம்தான் போகிறது என்பதெல்லாம் பதிலாகாது. சுற்றுலா விசாவில் போய் வலை இறக்கலாம் என்று யாராவது சொன்னால் அந்தப் பயணத்தையே விட்டுவிடு. அமெரிக்க மரபணு விஞ்ஞானி கிரெய்க் வென்டர் தன் சார்சரர் 2 பாய்மரப் படகில் உலகம் சுற்றி நுண்ணுயிர் மரபணு சேர்த்தபோது, எவ்வளவு பெரிய அறிவியலாக இருந்தும், இது யாருடைய கடல், யாருடைய உயிர்வளம் என்ற கேள்வி அவரையும் விடவில்லை. 2004-இல் வெளியான அவருடைய சர்காசோ கடல் ஆய்வில் மட்டும் அதுவரை அறியப்படாத 12 லட்சத்துக்கும் மேற்பட்ட மரபணுக்கள் கிடைத்தன. கிடைப்பது பெரிதாக இருந்தால் கேள்வியும் பெரிதாகத்தான் வரும். மாலத்தீவுக்காரர் ஒருவரை ஆய்வில் பங்காளியாகச் சேர். அந்த இரண்டு படுக்கையில் ஒன்றை அவருக்குக் கொடுக்க முடியுமா என்று பார்.

கரையூரான்:

நான் யாழ்ப்பாணம். இப்போது பிரான்சில், பிரெத்தான் கரையில் லோரியான் நகரத்தில் இருக்கிறேன், கெரோமான் மீன்பிடித் துறைமுகத்தில் வேலை. ஆராய்ச்சியாளன் இல்லை. ஆனால் 'தாரா' என்ற பாய்மரப் படகின் தாய்த் துறைமுகம் எங்கள் ஊர்தான், அதைப் பற்றி யாருமே எழுதவில்லையே என்றுதான் எழுதுகிறேன்.

36 மீட்டர் நீளம், அலுமினிய உடம்பு. 1989-இல் துருவப் பயணி ஜான் லூயி எத்தியேனுக்காகக் கட்டினார்கள். பனி நெருக்கும்போது நசுங்காமல் மேலே எழும்பும்படி அடிப்பக்கம் உருண்டையாக இருக்கும். பிறகு நியூசிலாந்தின் பாய்மர வீரர் பீட்டர் பிளேக் வாங்கினார். கடலின் நிலையை உலகத்துக்குக் காட்ட வேண்டும் என்று சுற்றிக்கொண்டிருந்தவர், 2001 டிசம்பரில் அமேசான் முகத்துவாரத்தில் படகில் ஏறிய கொள்ளையர்கள் சுட்டு இறந்துபோனார். 2003-இல் உடுப்பு வடிவமைப்பாளர் அன்யேஸ் பெ-யும் அவருடைய மகன் எத்தியேன் பூர்குவாவும் வாங்கி, முழுக்க முழுக்க ஆராய்ச்சிக்கே கொடுத்துவிட்டார்கள். 2006-இலிருந்து 2008 வரை ஆர்க்டிக் பனிக்குள் உறைந்து, பனியோடு பனியாக நகர்ந்து அளவெடுத்தது. 2009-இலிருந்து 2013 வரை உலகக் கடல்கள் எங்கும் போய் 35,000-க்கும் மேற்பட்ட மாதிரிகள் எடுத்தது. 2015-இல் வெளிவந்த முடிவுகளில் கடல் நுண்ணுயிர்களின் நான்கு கோடி மரபணுக்களைப் பட்டியலிட்டிருந்தார்கள். வெளிச்சம் படும் மேல்நீரில் எந்த நுண்ணுயிர் எங்கே வாழும் என்பதைத் தீர்மானிப்பதில் தண்ணீரின் வெப்பநிலைதான் முன்னுக்கு நிற்கிறது என்பதும் அதில் தெரியவந்தது.

பார்வையாளர் நாளில் என் மகளோடு ஏறிப் பார்த்திருக்கிறேன். வெளியில் நின்று பார்க்கிறபோது இருக்கிற கம்பீரம் உள்ளே இல்லை. எல்லாம் இடுக்கு. பின்பக்கத்தில் கயிற்றைச் சுருட்டி இறக்கி ஏற்றும் ஒரு வின்ச், அதில் நீண்ட புட்டிகளை வளையமாகக் கட்டிய சட்டம் தொங்கும். அதை ஆழத்துக்கு இறக்கி, வேண்டிய ஆழத்தில் ஒவ்வொரு புட்டியாக மூடுவார்களாம். டெக்கில் ஒரு சின்ன ஈர ஆய்வுக்கூடம். ஆள் நிமிர்ந்து நிற்கலாம், இரண்டு பேர் அருகருகே நின்றால் முழங்கை இடிக்கும். அங்கேதான் தண்ணீரைப் பல அளவுக் கண்ணியுள்ள வடிகட்டிகளில் அடுத்தடுத்து வடித்து, பெரிய உயிர், சின்ன உயிர், பக்டீரியா, வைரஸ் என்று பிரித்து, திரவ நைட்ரஜனில் போடுவார்கள். சமையல்காரரும் மாலுமியும் கூட வலை இழுக்கப் பிடிப்பார்கள் என்று அங்கே நின்ற பொடியன் சொன்னான்.

இதைச் சொல்வதற்குக் காரணம், வாடைக்காற்று, நீங்கள் சொல்வதும் சரி, நங்கூரம் அண்ணர் சொல்வதும் சரி. ஒரு குடும்பத்தின் பணத்தில் ஓடுகிற படகுதான். ஆனால் போகிற பாதையை ஆராய்ச்சி தீர்மானித்தது, கிடைத்த தரவு உலகம் முழுவதற்கும் திறந்து கிடக்கிறது. தங்கச்சி போகப்போகிற படகிலும் தரவு யாருக்குச் சொந்தம் என்று கேட்க வேண்டும்.

கொண்டல்:

எல்லோருக்கும் நன்றி. நங்கூரம் அண்ணா, துவைக்கும் மெஷின் விஷயம் நான் படித்த எந்தக் கையேட்டிலும் இந்த அளவுக்குத் தெளிவாக இல்லை. அனுமதி பற்றிக் கேட்டேன். அந்த ஐரோப்பிய ஆய்வாளர் மாலேயில் ஒரு குழுவோடு சேர்ந்து ஏற்கெனவே விண்ணப்பித்துவிட்டாராம், என் பெயரைச் சேர்க்க நகல் கேட்டிருக்கிறேன். தரவு பற்றியும் எழுதிக் கேட்டிருக்கிறேன்.

இன்னும் இரண்டு சந்தேகம். கோபிபாட் மாதிரிகளில் ஒரு பகுதியை உறையவைக்க வேண்டும், படகின் ஃப்ரீசர் போதுமா? அப்புறம், வலை இறக்க முடியாத நேரங்களில் சும்மா இருக்காமல் செய்யக்கூடிய வேலை ஏதாவது உண்டா?

நங்கூரம்:

அனுமதி நகல் கைக்கு வரும்வரை டிக்கெட் போடாதே.

சமையலறை ஃப்ரீசரை நம்பாதே. அது மைனஸ் 18 அளவில்தான் இருக்கும், சமையல்காரர் நாள் முழுக்கத் திறந்து மூடுவார். மரபணு வேலைக்கு அது ஆகாது. உறையவைக்காமலே காக்கும் திரவங்கள் இருக்கின்றன, உன் கைடிடம் கேட்டு அந்த வழியில் போ. உருவம் பார்த்து எண்ணுவதற்கு எத்தனால் போதும். ஆனால் எத்தனாலும் ஃபார்மலினும் எரியும், நாறும், நஞ்சு. எவ்வளவு கொண்டுவருகிறாய் என்று கேப்டனிடம் முன்பே சொல்லி, எங்கே வைப்பது என்று கேள். விமானத்தில் கொண்டுபோக முடியாது, மாலேயில் வாங்க முடியுமா என்று பார். ஃபார்மலினைத் தேக்கு டெக்கில் வைத்துத் திறக்கவே திறக்காதே. கீழே தட்டு வைத்து, காற்றோட்டமான இடத்தில் செய். தேக்கில் ஒரு கறை விழுந்தால், டெக்கைத் தினமும் தேய்க்கும் பையன்தான் பேச்சு வாங்குவான், அப்புறம் உன் வலையைத் தூக்க அவன் வரமாட்டான்.

சும்மா இருக்கும் நேரத்துக்கு இரண்டு வேலை. செக்கி தட்டைச் சொன்னேனே, 30 சென்டிமீட்டர் வெள்ளைத் தட்டு, அடியில் எடை, அளவு குறித்த கயிறு. உச்சிவெயிலுக்குக் கிட்டத்தட்ட, படகின் நிழல் பக்கமாக இறக்கி, கண்ணுக்கு மறையும் ஆழத்தைக் குறித்துக்கொள். 2013 முதல் உலகம் முழுக்கப் பாய்மரப் படகுக்காரர்கள் இதை அளந்து, போனில் ஒரு செயலி வழியாக அனுப்புகிறார்கள். மிதவைத் தாவரம் கூடினால் தெளிவு குறையும், அதனால் உன் வலை மாதிரிக்குப் பக்கத்தில் வைக்க ஒரு எண் கிடைக்கும். உரிமையாளரின் பிள்ளைகள் இருந்தால் கயிற்றை அவர்கள் கையில் கொடு.

இன்னொன்று கடலடி. உலகக் கடலடியில் நவீன முறையில் அளந்து வரைபடமாக்கியது 2025 ஜூன் நிலவரப்படி 27.3 விழுக்காடுதான். 2017-இல் 'சீபெட் 2030' திட்டம் தொடங்கியபோது வெறும் 6. ஒலி அனுப்பி ஆழம் அளக்கும் படகின் எதிரொலிமானி எப்படியும் நாள் முழுக்க ஓடுகிறது. அந்த ஆழத்தையும் ஜிபிஎஸ் இடத்தையும் நேரத்தையும் சேர்த்துப் பதியும் ஒரு சின்னப் பெட்டியை மாட்டிவிட்டால், சர்வதேச நீர்வரைவியல் அமைப்பின் பொதுத் தரவுக் களஞ்சியத்துக்கு அனுப்பலாம். தீவுக்கூட்டங்களுக்கு நடுவே உள்ள ஆழக் கால்வாய்களில் சாதாரண எதிரொலிமானிக்குத் தரை எட்டாது. ஆனால் தீவுக்கூட்டத்துக்கு உள்ளே, வழக்கமாகக் கப்பல் போகாத இடங்களில் யாட் போய் நிற்கும், அங்கே எடுத்த அளவுக்கு மதிப்பு உண்டு. மாலத்தீவு அனுமதியில் இதையும் சேர்த்துக் கேளுங்கள், ஆழ அளவு என்றால் எந்த நாடும் உன்னிப்பாகப் பார்க்கும்.

பெட்டியை மாட்டுவது பத்து நிமிட வேலை, எலக்ட்ரானிக்ஸ் பார்க்கும் ஆளிடம் சொல். படகின் உள் நெட்வொர்க் எந்த வகை என்று முதலில் கேட்டு, அதற்கேற்ற இணைப்பு ஒயரை வாங்கிக்கொண்டு போ. நடுக்கடலில் அது கிடைக்காது.